நூற்றுக்குப் பன்னிரண்டு

"வயரை யாரோ வேணும்னே கீறியிருக்காங்க மேடம். நூல் வெட்டுற ட்ரிம்மர் மாதிரி ஏதோ ஒண்ணால."

ஏணியிலிருந்து இறங்கிய ஜெபக்குமார் சொன்னான். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன் அவன்தான்.

பனியன் கம்பெனி முதலாளி அமராவதி கன்னத்தில் கை வைத்தாள். "அடப்பாவமே! அது எங்கிருந்து எங்க போற வயருங்க?"

"பேக்கிங் ரூம் கம்ப்யூட்டர்ல இருந்து ஹப்புங்கிற இணைப்புப் பெட்டிக்கு. ஹப்புல வயர் சொருக எட்டுப் போர்ட் இருக்கு..."

"போர்ட்டு தூத்துக்குடியில இல்லீங்களா இருக்கும்?"

ஜெபக்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வயரைச் சோதித்த காகிதத்தைப் பிரிண்டரிலிருந்து கிழித்து நீட்டினான். அமராவதி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"பாக்கெட்ஸ். சென்ட் நூறு. ரிசீவ்டு எம்பத்தெட்டு. லாஸ்ட் பன்னெண்டு."

அவள் முகம் மாறியது. மணியை அடித்தாள்.

ஜெபக்குமாருக்கு விஷயம் தெரியும். மூன்று மாதமாக, பேக்கிங்கில் கட்டும் பனியன் பாக்கெட்டுகள் குடோனுக்குப் போவதற்குள் குறைகின்றன. பேக்கிங் சூப்பர்வைசர் நஞ்சப்பன், தன்னிடம் வேலை செய்யும், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒச்சாயி மீது பழி சொல்லியிருந்தார். இன்றோடு அவளை நிறுத்துவதாகப் பேச்சு. இந்த நேரத்திலா இப்படி ஒரு காகிதம்!

நஞ்சப்பன் வந்தார். பின்னாலேயே தூக்குவாளியும் கையுமாக ஒச்சாயி.

"அம்மா, ஒத்தப் பாக்கெட்டத் தொட்டிருந்தா என் கை வெளங்காது."

"மேடம், அந்தப் பாக்கெட்டுங்கிறது..." என்று ஜெபக்குமார் எழுந்தான்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க தம்பி." காகிதம் நஞ்சப்பன் கைக்குப் போனது. "கம்ப்யூட்டரே எண்ணிக் குடுத்துருச்சுங்க நஞ்சப்பண்ணா. உங்க ரூம்ல கிளம்புற பாக்கெட்டு ஒண்ணு விடாம எண்ணுமாமுங்க. எத்தனை வந்து சேருது, எத்தனை நடுவுல காணாமப் போகுதுன்னு எல்லாம் தெரியுமாமுங்க. அப்படித்தானுங்களே தம்பி?"

சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஜெபக்குமார் பரிதாபமாகத் தலையாட்டினான். ஒரு வார்த்தையின் குழப்பத்தில் ஒச்சாயியின் வேலை போகப்போகிறது.

இருபது வருட அனுபவத்தில் சென்ட், ரிசீவ்டு, லாஸ்ட் எல்லாம் நஞ்சப்பனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு முறை படித்தார். மறுபடி படித்தார். நெற்றி வியர்த்தது.

"பன்னெண்டு இல்லீங்க!" காகிதத்தை மேசையில் போட்டார். "மாரியாத்தா சத்தியமா, நூத்துக்குப் பத்துத்தானுங்க எடுத்தேன். பெருமாநல்லூர்ல மச்சான் கடைக்குங்க. கம்ப்யூட்டர் ரெண்டு சேத்திச் சொல்லுதுங்க!"

ஒச்சாயி தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். "ரெண்டுக்கு மட்டும் ரோசம் வருதாக்கும்!"

நஞ்சப்பன் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். ஆனால் வயரைத் தொடவே இல்லை என்று சாதித்தார். வாட்ச்மேன் அவரை அழைத்துப் போனான். ஒச்சாயி பேக்கிங்குக்குத் திரும்பினாள்.

அதன் பிறகுதான் ஜெபக்குமாருக்கு மூச்சு வந்தது. "உங்க அதிர்ஷ்டம் மேடம்! அது பனியன் பாக்கெட்டே இல்ல. கம்ப்யூட்டர் தகவலைத் துண்டு துண்டா வயர்ல அனுப்பும். அந்தத் துண்டுக்குப் பேருதான் பாக்கெட்."

"அப்படீங்களா!"

"ஆனா வயரைக் கீறினதும் அந்த ஆளாத்தான் இருக்கும். அதையும் எழுதி வாங்கிடுங்க."

அமராவதி மேசை டிராயரை இழுத்து, நூல் வெட்டும் ட்ரிம்மர் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"செய்யாத தப்பை அவர் தலையில கட்டாதீங்க தம்பி; வயரு நல்லா இருந்திருந்தா உங்க பேப்பர்ல லாஸ்ட்டு சைபர்னு இல்லீங்களா வந்திருக்கும்?"