மாடி வீட்டுச் சண்டை

“பாறை மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே, காது கேட்குதா இல்லையா?”

மாடி வீட்டு மனைவியின் குரல். கீழ் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சர்வேயரின் கை பாதியில் நின்றது.

“கேட்குது. உன் நாக்கு ரம்பம். என் காது மரம். அறுத்துக்கிட்டே இரு.” இது கணவன்.

“நாளைக்கு அவங்க பொண்ணுக்குத் தமிழ்ல மறுதேர்வு,” என்றாள் சர்வேயரின் மனைவி. “இதுவும் போச்சுன்னா மறுபடி அதே வகுப்புதானாம். காலையில படிக்கட்டுல நின்னு கண்ணைக் கசக்கிட்டுச் சொல்லுச்சு. இன்னிக்குன்னு பார்த்தா இந்தக் கூத்து?”

“புருஷன் பெண்டாட்டி விவகாரம். நமக்கெதுக்கு?”

சர்வேயர் ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. ஆனாலும் அடுத்தவர் எல்லைக்குள் கால் வைக்க மாட்டார்.

மாடியில் குரல் ஏறியது.

“நீங்க விடுற குறட்டையில தெருவுல இருக்கிற வீடெல்லாம் ஆடுது.”

“அது நிஜம்தான்,” என்று முணுமுணுத்தாள் கீழ் வீட்டுக்காரி.

“நீ அடுப்படிக்குள்ள வர்றதைப் பார்த்துப் பயந்துதான் பால் பொங்கி வெளியே ஓடுது.” இது மாடிக் கணவன்.

“கேட்டீங்களா? பாலைக்கூட வம்புக்கு இழுத்தாச்சு. அடுத்தது பாத்திரம் பறக்கும். போய் அந்தப் பொண்ணையாவது கூட்டிட்டு வாங்க. நம்ம முன்னறையில உட்கார்ந்து நிம்மதியாப் படிக்கட்டும்.”

சர்வேயர் கை கழுவிவிட்டு மாடி ஏறினார். யாரையும் திட்டிப் பழக்கமில்லாதவர். என்ன சொல்வது என்று படிக்குப் படி நின்று யோசித்தார்.

கதவைத் தட்டியதும் சத்தம் நின்றது. கணவன் திறந்தான். அவன் முகத்திலும் மனைவி முகத்திலும் வியர்வை. மேசையில் பெண் பேனாவும் கையுமாகக் குனிந்திருந்தாள்.

“வாங்க சார், உட்காருங்க.”

“உட்கார வரல தம்பி. பாராட்டிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். நாளைக்குப் பரீட்சை எழுதப் போற பொண்ணுக்கு, தொண்டை கிழியக் கிழிய ரெண்டு பேரும் என்னமா ஒத்தாசை பண்றீங்க. உங்களை மாதிரி அப்பா அம்மா ஊர்ல யாருக்குக் கிடைப்பாங்க?”

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சர்வேயர் கொஞ்சம் இளகினார்.

“நீ வாம்மா. புத்தகத்தை எடுத்துக்கோ. எங்க வீட்ல ஒரு சத்தம் இருக்காது.”

“சத்தம் இல்லாட்டி எனக்கு எப்படி ஏறும் தாத்தா?” பெண் அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தாள். “அணி இலக்கணம் புத்தகத்துல படிச்சா உடனே மறந்துடுது. அதனால இவங்களே சண்டை போட்டுக் காட்டுறாங்க. உவமை வந்துடுச்சு, உருவகம் வந்துடுச்சு. குறட்டை உயர்வு நவிற்சி, பால் தற்குறிப்பேற்றம்.”

சர்வேயர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“புகழ்ற மாதிரியே திட்டணும், வஞ்சப்புகழ்ச்சி. அது மட்டும் சாயங்காலத்துல இருந்து இவங்க ரெண்டு பேருக்கும் வரவே இல்ல. நீங்க இப்ப சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க தாத்தா, எழுதிக்கிறேன்.”