பத்தர் சொன்ன பொய்

"தாலியையும் கழட்டணும்மா. உத்தரவு அப்படி."

மேசைக்குப் பின்னாலிருந்து சுப்பிரமணியப் பத்தர் சொன்னதும் கமலாட்சி தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ரங்கூன் துறைமுகத்தில் மதராஸ் கப்பலுக்கு வரிசை நீண்டு நின்றது. பொன் எதுவும் நாட்டை விட்டுப் போகக் கூடாதென்று புது ஆட்சி சொல்லிவிட்டது. எது பொன், எது இல்லை என்று பார்த்துச் சொல்லப் பத்தரை உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் போன பெண்களின் தாலிகள் மேசையில் குவிந்து கிடந்தன.

இன்சீன் கடைத்தெருவில் நகை செய்துகொண்டிருந்தவர்தான். தமிழர்களின் ஓட்டை வாங்கி நகரசபைக்குப் போனார். பட்டாளம் ஆட்சிக்கு வந்ததும் அவர்கள் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்கிற மனுஷன்.

"எங்க கடையப் புடுங்கினப்ப நீங்க வாயத் தொறக்கல," என்றான் அவள் கணவன் மாரிச்சாமி. "இதையாவது விட்ருங்கண்ணே. ஊர்ல எறங்கி இத வித்துத்தான் ஒரு சாப்பாட்டுக் கடை போடணும். வேற நாதியில்ல."

"நீங்க செஞ்ச தாலிண்ணே," என்றாள் கமலாட்சி. "மெருகு போடக்கூட வேற ஆள்கிட்ட குடுத்ததில்ல. ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கோம்."

கழற்றி நீட்டினாள். பத்தர் வாங்கினார். உரைகல் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"பொன்தானே, சயா?" பக்கத்திலிருந்த அதிகாரி, ஐயா என்கிற மரியாதையோடு பர்மியில் கேட்டார்.

"பித்தளை," என்றார் பத்தர்.

"உரசிப் பார்க்கவில்லையே?"

"முப்பது வருஷத் தொழில். பித்தளை தெரியாதா எனக்கு? போகச் சொல்லுங்கள்."

அதிகாரி கையசைத்தார்.

கமலாட்சிக்கு அழுகை பொங்கிவிட்டது. குனிந்து பத்தர் காலைத் தொட்டாள். "எங்க குலசாமி நீங்க."

"உங்கள என்னென்னமோ பேசிட்டேன், மன்னிச்சிருங்க," என்றான் மாரிச்சாமி, அதிகாரிக்குக் கேட்காமல். "எங்களுக்காக இப்படி ஒரு பொய்..."

"கப்பல் கெளம்பப் போகுது. போங்க," என்றார் பத்தர்.

தாலியைக் கட்டிக்கொண்டு, முந்தானையால் இழுத்து மூடியபடி அவள் பிள்ளைகளோடு கப்பலேறினாள். இத்தனை நாள் திட்டிய வாயால் மாரிச்சாமி அவரை வாழ்த்திக்கொண்டே போனான்.

பத்தர் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. தாலியை மட்டும் யாரும் விற்கவோ அடகு வைக்கவோ கொண்டுபோக மாட்டார்கள் என்ற தைரியத்தில், அவள் கல்யாணத்துக்கு அவர் முலாம் பூசிக் கொடுத்தது பித்தளையேதான்.