ராணி போகிற அழகு

நாளைக் காலை சுலோச்சனாவுக்கு இருதய ஆபரேஷன். நாளைதான் ஆடித் தள்ளுபடியும் ஆரம்பம் என்பதால், கடையைத் திறந்துவைத்துவிட்டு மத்தியானம் வருவதாக ஜவுளிக்கடை வேலாயுதம் மனைவியிடம் பேரம் முடித்திருந்தார். அவள் ஆசையாகக் கேட்ட பழைய இங்கிலீஷ் படத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே செல்போனில் போட்டுவிட்டு, அதில் வரும் மகாராணியின் வெல்வெட் உடுப்புக்கு மனசுக்குள் விலை போட்டபடியே அலுப்பில் கண்ணயர்ந்தார். கொலைமேடை முரசு கேட்டதும் விழித்து, பதறி நிறுத்தினார்.

“தலையை வெட்டுறதையா இன்னைக்குப் பாக்கணும்? முடிவுதான் தெரியுமே.”

“தெரியாமலா இத்தனை தடவை பாத்தேன்? அவ நடந்து போற அழகைப் பாக்கணும், போடுங்க.”

ராணி யாரையும் கெஞ்சாமல், பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தனியாகப் படியேறினாள். வேலாயுதம் கூட்டத்தில் தேடினார்.

“இவ புருஷன், அந்த ராஜா எங்க?”

“அவருக்கு அன்னைக்கு வேட்டை இருந்துச்சு” என்றாள் சுலோச்சனா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.