கையெழுத்து விழாத தாள்

"நாலு நாளா முதுகுல ஊசி குத்தி நீர் எடுக்குறீங்க, மண்டையைப் படம் பிடிக்குறீங்க. என்ன நோய்னு மட்டும் சொல்லத் தெரியலை. நீங்கள்லாம் எதுக்கு டாக்டர்?"

அண்ணன் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

கட்டிலில் கிடந்த தம்பிக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே தையல் கடை. பத்து நாளைக்கு முன், சட்டையில் காலர் வைக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துத் தைத்திருந்தான் தம்பி. கடையே சிரித்தது. முதலில் சிரித்தவர் அண்ணன்தான். அதுதான் நோயின் ஆரம்பம் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

டாக்டர் அம்மா கோபப்படவில்லை.

"மூளையில வைரஸ் தொற்று. சாதாரணமா வர்றதுக்கு மருந்து குடுத்துப் பார்த்தாச்சு, கேட்கலை. எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு வர்ற கிருமி வேற, மருந்தும் வேற. அதுக்காகத்தான் முதல் நாளே எச்.ஐ.வி. டெஸ்டுக்குக் கையெழுத்துக் கேட்டேன்."

அன்று அந்தத் தாளை அண்ணன் விசிறியடித்திருந்தார். "எங்க வீட்டுப் பிள்ளையைப் பத்தி என்ன நெனச்சீங்க?" என்று தாம் தூம் என்று குதித்தார். பக்கத்தில் நின்ற தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், வெள்ளந்திப் பெண் என்று நினைத்துக்கொண்டார்.

இன்று காலையிலிருந்து தம்பிக்கு வலது கை அசையவில்லை. கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

"நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாம்மா" என்று தம்பி மனைவியை அனுப்பிவிட்டு, அண்ணன் டாக்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"அவனுக்கு அது இருக்கு டாக்டர். ஏழு வருஷமா. என்கிட்ட மட்டும்தான் சொன்னான். நடுவுல மாத்திரையை விட்டுட்டான் போல. அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவாளோன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"நாலு நாள் போயிடுச்சே" என்றார் டாக்டர். "மருந்தை இப்பவே மாத்துறேன். ஆனா போனதுல எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

அண்ணன் வெளியே வந்து, கதவை ஒட்டியிருந்த குழாயில் முகத்தைக் கழுவினார். கழுவக் கழுவக் கண்ணீர் நிற்கவில்லை.

அவருக்குப் பின்னால் யாரோ அவசரமாக டாக்டர் அறைக்குள் நுழைந்தார்கள். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. தம்பி மனைவியின் குரல்தான்.

"அந்தத் தாளைக் குடுங்க டாக்டர், கையெழுத்துப் போடுறேன். அவருக்கு அந்த நோய் இருக்கு. என்கிட்ட மட்டும்தான் சொன்னார். நீங்க கேட்ட அன்னிக்கே சொல்லியிருப்பேன். பக்கத்துல மாமா நின்னாரு. தம்பி மேல உசுரையே வச்சிருக்கிற மனுஷன், தெரிஞ்சா தாங்கமாட்டாரேன்னுதான்..."