வீடு என்று ஒரு அர்ரே

"என் வெளக்கெல்லாம் சைபர்ல இருந்தா ஆரம்பிக்கணும்?" என்று அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

"மொத ஆளுக்குத்தாண்ணா சைபர். கம்ப்யூட்டர் அப்படித்தான் எண்ணும்," என்றாள் அவள்.

அண்ணனுக்கு அது பாதி மரியாதையாகவும் பாதி அவமானமாகவும் பட்டது. தம்பியின் விளக்குகளும் சைபரில்தான் தொடங்கும் என்று தெரிந்ததும் சமாதானமானார்.

ஹாலின் நடுவே புதிதாக எழுப்பிய சுவர் இன்னும் காயவில்லை. வீடு முழுக்க ஈரச் சிமெண்ட் வாசனை. சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணன் குடும்பம், அந்தப் பக்கம் தம்பி குடும்பம். பாத்திரம் பண்டம் பிரித்தாயிற்று. பீரோக்களைப் பிரித்தாயிற்று. விளக்குகள்தான் பாக்கி.

அதை அவளால்தான் செய்ய முடியும். லிஃப்ட் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். தவிரவும், அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்தவள். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிற வேலை அவளுக்குப் புதிதில்லை.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவான படிக்கட்டுச் சுவரில் மாட்டிய பெட்டிக்குள் உள்ளங்கை அளவுக்கு ஒரு போர்டு. அதன் ஓரத்தில் ஊசி ஊசியாக, எண் போட்ட பின்கள். ஒரு பின்னுக்கு ஒரு விளக்கு. அறைக்குள் யார் சுவிட்சைத் தட்டினாலும், இந்தப் போர்டைக் கேட்டுத்தான் விளக்கு எரியும்.

முதலில் விளக்குக்கு ஒரு வரி என்று தனித்தனியாகத்தான் எழுதியிருந்தாள். ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட வேண்டியிருந்தது. உயிரை வாங்கியது. ஒருநாள் பின் எண்களை எல்லாம் அள்ளி ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டாள். இப்படிக் கூட்டாக வைப்பதற்கு அர்ரே என்று பெயர். ஒவ்வொரு அர்ரேக்கும் தனியாக ஒரு பெயர் வைக்க வேண்டுமே, 'வீடு' என்று வைத்தாள்.

அன்றிலிருந்து வாசலில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், ஒவ்வொரு அறையாக வீடே அணையும், மறுபடி அழுத்தினால் எரியும். தம்பி அதைப் பத்துத் தடவையாவது போட்டுப் போட்டு அணைத்திருப்பான். அண்ணன் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அழுத்திக் காட்டினார்.

இப்போது அந்த ஒரு வரியை இரண்டாக வெட்ட வேண்டும். வாசலிலும் இரண்டு பட்டன்கள் மாட்டியாயிற்று.

மடியில் லேப்டாப்போடு படிக்கட்டில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தலைக்கு மேல் நின்றார்கள். அண்ணன் சொல்லச் சொல்ல மேல் வரியில் எண்களைப் போட்டாள். தம்பி சொல்லச் சொல்லக் கீழ் வரியில் போட்டாள். வராந்தா விளக்குக்கு இருவரும் கொஞ்சம் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் அண்ணன் விட்டுக்கொடுத்தார், கையோடு மாடி விளக்கை வாங்கிக்கொண்டார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் இருப்பதே தெரியாதே, நெஞ்சு அப்படித்தான் இருந்தது. விரல்கள் பாட்டுக்கு வேலை செய்தன.

பழைய வரியில் ஒரு எண் மட்டும் மிச்சம் இருந்தது.

"படிக்கட்டு ஓரத்து ரூம்," என்றாள். "இத யார் பக்கம் போட?"

அண்ணன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், வயரையே முதல்முறை பார்ப்பவர்போல. தம்பி போனை எடுத்து எதையோ தள்ளிக்கொண்டிருந்தான்.

"அத அப்புறம் பாத்துக்கலாம்," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

காலையிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அவள் கொஞ்சநேரம் காத்திருந்தாள். யாராவது ஒருவர் வாய் திறந்து 'என் பக்கம் போடு' என்றால் ஒரு கமா, ஒரு எண், அவ்வளவுதான் வேலை. யாரும் திறக்கவில்லை. அவளே எதிலாவது செருகிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. செருகவில்லை.

'வீடு' என்ற வரியை அழித்தாள். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால்கூட வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற, எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர், ஓர் அறை விட்டுப்போனதைப் பற்றி மூச்சுவிடவில்லை. எல்லாம் சரி என்றது. போர்டில் ஏற்றினாள்.

அண்ணன் தன் பட்டனை அழுத்திப் பார்த்தார். தம்பி தன் பட்டனை அழுத்திப் பார்த்தான். அவரவர் விளக்கு அவரவருக்கு எரிந்தது. சுவருக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"ஒன்ன விட்டா எங்களுக்கு யாரும்மா இருக்கா," என்று அண்ணன் மனசாரச் சொல்லிவிட்டு இந்தப் பக்கம் போனார். தம்பி தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் போனான். இரண்டு கதவுகளும் சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் பெட்டியின் மூடியைப் பொருத்தித் திருகை முடுக்கினாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு படிக்கட்டு ஓரத்து அறைக்குள் போனாள். பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தட்டினாள்.

எரியவில்லை.

அதனால் ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் படுத்து எழுந்த கட்டில், எங்கே கிடக்கிறது என்று அவள் காலுக்கே தெரிந்திருந்தது.