சீட்டைப் புரட்டும் விதம்

அறையில் இருந்தவர்கள் மூவர்: செலின், உதட்டுத் தையல் பிரிக்காத அவள் அக்கா ரெஜினா, அவளை எதிர் ஃபிளாட்டுக்குத் திரும்ப அழைத்துப்போக வந்த கணவன் அமலன்.

“போகவா வேணாமா? உன் சீட்டு என்னடி சொல்லுது?” என்றாள் ரெஜினா.

டாரட் சீட்டில் குறி பார்க்கப் பழகத் தொடங்கி நான்கு நாளான செலின், ஒரு சீட்டை உருவித் தோசையைப்போல மேலிருந்து கீழாகப் புரட்டினாள். இடிந்து சரியும் கோபுரம் தலைகீழாகக் கிடந்தது. கையேட்டைப் பார்த்தாள்.

“நேரா விழுந்தாதான் வீட்டுக்கு ஆபத்துக்கா. தலைகீழா வந்தா ஆபத்து விலகிடுச்சாம்.”

“பாத்தியா, சீட்டுக்கே என்னைத் தெரியுது” என்று அமலன் சிரித்தான். ரெஜினா சிரிக்கப் பார்த்து, வலியில் வாயைப் பொத்தியபடி அவன் பின்னால் போனாள்.

செலின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். சீட்டைப் பக்கவாட்டில்தான் புரட்ட வேண்டும், மேலிருந்து கீழாகப் புரட்டினால் நேரான சீட்டும் தலைகீழாகிவிடும் என்றிருந்தது.

“அக்கா!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். ரெஜினா எதிர் ஃபிளாட்டுக்குள் நுழைந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, அமலன் உள்ளிருந்து பூட்டினான்.