பயாப்ராவுக்கு ஒரு பிடி அரிசி

“கலகம் பண்றவன் நாலு பேரு. அதுக்காக ஒரு சீமைக்கே சோத்தை நிறுத்துறதா? இது என்னங்க நியாயம்?”

டீக்கடை பெஞ்சில் பேப்பரை ஓங்கி அடித்தார் ஆவுடையப்ப அம்பலம். ஊரில் அவர் சொல்தான் சட்டம்.

ஆப்பிரிக்காவில் தனி நாடாகப் பிரிந்துகொண்ட பயாப்ராவைச் சுற்றி அரசாங்கப் படை பாதையெல்லாம் அடைத்துவிட்டதாம். பால் பவுடர்கூட உள்ளே போக வழியில்லையாம். பேப்பரில் எலும்பும் தோலுமாக ஒரு குழந்தையின் படம். அதைப் பார்த்ததிலிருந்து அம்பலத்துக்கு டீ இறங்கவில்லை.

“அது அவுக உள்நாட்டு விவகாரம் பெரியப்பா. வெளியாளு தலையிட்டா, அப்புறம் கட்டுப்பாடுன்னு ஒண்ணு எதுக்கு?” என்றான் நாகராசு.

“போடா! பச்சப்புள்ள சாகுறப்ப உள்நாடு என்ன, வெளிநாடு என்ன? நாலு நாடு சேர்ந்து உள்ள பூந்து சோறு போட வேணாமா?”

பள்ளிக்கூட வாத்தியார் செபமாலைக்கு வெளியூர். அவர் மெதுவாகச் சொன்னார். “எங்க ஊர் மாதா கோயில்ல அந்தப் புள்ளைகளுக்காக அரிசி சேர்க்கிறாங்க. வித்துப் பணத்தை அனுப்பப் போறாங்களாம்.”

அம்பலத்துக்கு வேகம் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே பெரிய பானையோடு கிளம்பிவிட்டார். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. பின்னால் வாத்தியார், நாகராசு, ஊர்ப் பெரிய தலைகள். ஒரு வீடு மறுக்கவில்லை. பஞ்சத்தில் அடிபட்ட ஊர், பசி என்றால் தெரியும்.

ஒரே ஒரு வீட்டை மட்டும் பானை தாண்டிப் போனது.

சேவுகன் வீடு. கண்மாய் மீன் ஏலத்தில் ஊரை எதிர்த்து அவன் கோர்ட்டுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டை ஊர் விலக்கி வைத்திருக்கிறது. அங்கே எதுவும் கொடுக்கக் கூடாது, அங்கிருந்து எதுவும் வாங்கக் கூடாது. அம்பலம் போட்ட கட்டுப்பாடு. சேவுகன் பிழைப்புத் தேடித் திருச்சிப் பக்கம் போய்விட்டான். தண்டனையை அனுபவித்தது அவன் பெண்டாட்டி செவந்திதான்.

“மாமா, நானும் போடுறேன்.”

வாசலில் சொளகில் அரிசியோடு நின்றாள் செவந்தி. அம்பலம் காதில் விழாதவர் போல நடந்தார். செபமாலை நின்றுவிட்டார்.

“வாங்கிக்கலாமேங்க.”

“வாத்தியாரே, இது எங்க ஊர் விவகாரம். நீங்க இதுல தலையிடாதீங்க.”

“எம்புள்ள போன மாதிரி அங்கிட்டு ஒண்ணு போயிறக் கூடாதுன்னுதான் மாமா கேக்குறேன்.”

அம்பலம் நின்றார். ஆடி மாதம் காய்ச்சலில் அவள் கைக்குழந்தை இறந்தது. துக்கத்துக்குக்கூட யாரும் போகவில்லை.

தெருவிலேயே விவாதம் ஆரம்பமானது.

“வாங்கினா கட்டுப்பாடு ஒடைஞ்சிரும்.”

“வாங்குறது நாம இல்லையே, ஆப்பிரிக்காக்காரன்தானே?”

“பானை நம்மளுதுல்ல?”

அம்பலம் கடைசியில் தீர்ப்புச் சொன்னார். “ஏத்தா, கீழ கொட்டிட்டு ஒதுங்கிக்க. வெளியூர்க்காரரு எடுத்துப் போடட்டும். யாருக்கும் பாதகமில்லை.”

நியாயம் தெரிந்த ஊர்! செபமாலை தன் துண்டைத் தரையில் விரித்தார். செவந்தி சொளகைக் கவிழ்த்துவிட்டு விலகி நின்றாள்.

குனிந்து பார்த்த நாகராசுவின் முகம் மாறியது.

அது ஒரே அரிசி இல்லை. பச்சரிசியும் புழுங்கலும் குதிரைவாலியும் கலந்து கிடந்தன. நடுநடுவே சிவப்பரிசி. அந்த வருஷம் ஊரில் சிவப்பு நெல் போட்டது நாகராசு மட்டும்தான். குதிரைவாலியைப் பார்த்த ஒருவர் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்பலமும் பார்த்தார். பொடிப் பொடியாகச் சீரகச் சம்பா. அந்த ஊரில் அது பொங்குவது அவர் வீட்டில் மட்டும்தான். எதிர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்த அவர் மனைவி முத்துமாரியம்மாள் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

கொல்லை வேலி வழியாக ஊரே அந்த வீட்டுக்கு அரிசி கொடுத்திருக்கிறது, ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு.

அம்பலத்துக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. ஊர் கெட்டுப்போகவில்லை. தன் வீடும் கெட்டுப்போகவில்லை.

“அப்ப எல்லாரும் குடுத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கோம்...” என்றார். “யாரு மனசும் கல்லு இல்லத்தா.”

“இல்லேங்கலை மாமா” என்றாள் செவந்தி. கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. “அரிசியை மடியில மறைச்சுக் குடுத்துப்புட்டீங்க. புள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அன்னிக்கு, கீரனூர் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டுவண்டியைத்தான் ஒருத்தராலயும் மறைச்சுக் குடுக்க முடியலை.”